எஸ்க்ரோ: வீட்டு முன்பணத்தின் இடைக்காப்பு

கட்டி முடியாத வீட்டுக்கு முன்பணம் கேட்கும்போது, "உங்க பணம் எஸ்க்ரோ கணக்குல பத்திரமா இருக்கும்" என்று விற்பனைப் பிரிவில் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை. ஆனால் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட இரண்டு ஏற்பாடுகள் இந்த ஒரே பெயரில் நடக்கின்றன.

பொருள். வாங்குபவர், விற்பவர் இருவரையும் சாராத மூன்றாமவர் ஒருவர் பணத்தையோ பத்திரத்தையோ வாங்கி வைத்திருப்பது எஸ்க்ரோ. எழுதிக்கொண்ட நிபந்தனை நிறைவேறினால் அது ஒருவருக்குப் போகும். நிறைவேறாவிட்டால் கொடுத்தவருக்கே திரும்பும். வைத்திருப்பவர் தன் விருப்பப்படி முடிவெடுக்க முடியாது. எழுதியிருப்பதை மட்டுமே செய்யலாம்.

பிறப்பு. பழைய பிரெஞ்சு மொழியில் இதன் மூலச்சொல்லுக்குத் தோல் துண்டு, எழுதிய தோற்சுருள் என்று பொருள். 'ஸ்க்ரோல்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்துச் சட்ட வழக்கில், கையெழுத்தாகியும் நடப்புக்கு வராத பத்திரத்தை இது குறித்தது. பத்திரத்தை எதிர்த்தரப்பிடம் நேரடியாகக் கொடுத்தால் அது உடனே செல்லுபடியாகிவிடும் என்பதால், பொதுவான ஒருவரிடம் கொடுத்து, நிபந்தனை நிறைவேறிய பிறகே சேர்ப்பிக்கச் சொன்னார்கள். பத்திரத்தைக் குறித்த சொல் பிறகு பணத்துக்கும், வங்கிக் கணக்குக்கும் பரவியது.

தமிழில். 'பிணைக் கணக்கு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது பொருந்தாது. பிணை என்பது இன்னொருவருக்காகப் பொறுப்பேற்பது. இங்கே யாரும் யாருக்காகவும் பொறுப்பேற்கவில்லை. 'அடைக்கலப் பொருள்' அழகான பழஞ்சொல்தான். ஆனால் அடைக்கலமாகக் கொடுத்தது கொடுத்தவருக்கே திரும்ப வேண்டியது. எஸ்க்ரோ பணம் எந்தப் பக்கமும் போகலாம். பேச்சு வழக்கில் 'பொது ஆள் கையில கொடுத்து வை' என்பதுதான் இதற்கு மிக நெருங்கி வருகிறது. அந்தப் பொருளில் 'இடைக்காப்பு' என்பதே என் தேர்வு: இடையில் நிற்பவர் காப்பது. கணக்கை 'இடைக்காப்புக் கணக்கு' எனலாம்.

ஒரே பெயர், இரண்டு ஏற்பாடுகள். முதல் வகையில், வீடு கைக்கு வரும்வரை முன்பணத்தை யாரும் தொட முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், கட்டுமுன் விற்கும் வீடுகளின் முன்பணத்தை விற்பனை முடியும்வரை தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது 2019 டிசம்பர் முதல் சட்டம்.

இரண்டாம் வகை திட்டக் கணக்கு. இந்தியாவின் 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் போக வேண்டும். நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே அதைச் செலவிடலாம். பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று தந்தால், முடிந்த வேலையின் விகிதத்துக்கு மட்டும் எடுக்கலாம். மதிப்பிட்ட செலவை 100 பங்கு என்று வையுங்கள்: 30 விழுக்காடு வேலை முடிந்து, முன்பே 22 பங்கு எடுத்திருந்தால், இப்போது எடுக்க முடிந்தது 8 பங்கு. உங்கள் பணம் வேறு திட்டத்துக்குப் போகாமல் இது தடுக்கிறது. ஆனால் நிறுவனம் பாதியில் நொடித்தால், எடுத்த பணம் கான்கிரீட்டாகவும் கம்பியாகவும் நிற்கும், கணக்கில் இருக்காது. இதைத்தான் வாங்குபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

துபாயின் 2007ஆம் ஆண்டு 8ஆம் எண் சட்டமும் இந்த வகைதான். கட்டி முடித்த பிறகும் கணக்கின் மதிப்பில் 5 விழுக்காட்டை ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கச் சொல்வது அதன் நல்ல அம்சம். ஃபுளோரிடாவில் அடுக்குமாடி வீட்டுக்கு இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் வரலாம்: விலையில் 10 விழுக்காடு வரையிலான முன்பணம் எஸ்க்ரோவில் நிற்கும், அதற்கு மேற்பட்டதை, ஒப்பந்தம் அனுமதித்தால், கட்டுமானத்துக்கு எடுக்கலாம்.

இங்கிலாந்தில் வழக்கறிஞர் முன்பணத்தை எந்த நிலையில் வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவானவராக வைத்திருந்தால் விற்பனை முடியும்வரை பணம் அவரிடமே நிற்கும். விற்பவரின் முகவராக வைத்திருந்தால் உடனே விற்பவரிடம் கொடுத்துவிடலாம். ஒப்பந்தத்தில் ஒரு சொல்தான் மாறும். காப்பீடு இதிலிருந்து வேறு: புது வீடுகளுக்குக் காப்புறுதி தரும் என்எச்பிசி நிறுவனத்தின் பில்ட்மார்க் காப்பீடு, கட்டுநர் நொடித்தால் விலையில் 10 விழுக்காடு அல்லது 1 லட்சம் பவுண்டு, இரண்டில் குறைந்ததை உச்சவரம்பாகக் கொண்டு ஈடு தருகிறது.

கையெழுத்துக்கு முன். "எஸ்க்ரோ இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்த நிகழ்வு நடந்தால் பணம் வெளியே போகும்?" என்று கேளுங்கள். சாவி ஒப்படைப்பு, வீட்டில் குடியிருக்க அனுமதிக்கும் சான்று, தளம் போட்டு முடித்தல் ஆகியவை ஒன்றல்ல. அடுத்து, இறுதிக் கெடு தேதி. அது எழுதப்படாத ஒப்பந்தத்தில், நிபந்தனை நிறைவேறவில்லை என்று சொல்ல நாளே வராது, பணமும் திரும்பாது. வட்டி யாருக்கு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பெரும்பாலும் பணம் வழுக்கிப் போவது கணக்குக்கு வெளியேதான். ஒப்பந்தத்துக்கு முன் வாங்கும் முன்பதிவுத் தொகை, சமையலறை மேம்பாட்டுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் தனியாகக் கேட்கும் தொகை, ரொக்கம் ஆகியவை இடைக்காப்புக்குள் வராமல் போகலாம். இந்தியாவில், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கவே கூடாது என்கிறது அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு.

பணம் அனுப்பும் முன், ஒப்பந்தத்தில் உள்ள கணக்கின் பெயரையும் எண்ணையும் கணக்கு வைத்திருப்பவரிடமே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். அவருடைய தொலைபேசி எண்ணை மின்னஞ்சலிலிருந்து எடுக்காமல், நீங்களே தனியாகத் தேடி எடுங்கள். "கணக்கு மாறிவிட்டது" என்று கடைசி நேரத்தில் வரும் மின்னஞ்சல் மோசடிக்காரர்களின் வழக்கமான வழி. ரசீதில் வீட்டின் எண்ணும் இடைக்காப்புக் கணக்கின் பெயரும் இருக்க வேண்டும். வெறும் நிறுவனப் பெயர் போட்ட ரசீதை வாங்காதீர்கள்.