டிப்ரஷன், பைபோலார் டிப்ரஷன்: தமிழில் எப்படிச் சொல்வது, எப்படிப் பிரித்தறிவது?

'டிப்ரஷன்' என்ற சொல் வேலூர்ப் பக்கம் வீட்டுப் பேச்சாகிவிட்டது. மார்க் குறைந்த பையனுக்கும் டிப்ரஷன், மூன்று மாதமாகப் படுக்கையை விட்டு எழாத அண்ணனுக்கும் டிப்ரஷன். எழுதும்போது 'மன அழுத்தம்' என்று போட்டுவிடுகிறோம். ஸ்ட்ரெஸ் என்பதற்கும் அதே சொல்தான். இந்தக் குழப்பத்தைவிடப் பெரிதாக என்னை உறுத்துவது வேறொன்று. டிப்ரஷன் என்று நாம் சொல்லும் அந்த ஒரே நிலை இரண்டு வெவ்வேறு நோய்களில் வரலாம்: ஒன்று சோர்வு மட்டும் வருவது, மற்றது சோர்வும் அதற்கு நேரெதிரான அடங்காத வேகமும் மாறி மாறி வரும் பைபோலார். இரண்டுக்கும் மருந்து வேறு என்பது நம் பேச்சில் இடம்பெறவே இல்லை.

முதலில் வேரைப் பார்க்கலாம். லத்தீனில் 'டெப்ரிமெரே' என்றால் கீழே அழுத்துவது. ஐப்பசி, கார்த்திகையில் வானிலைச் செய்தியில் வரும் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' ஆங்கிலத்தில் இதே டிப்ரஷன்தான். வேரை மட்டும் பார்த்தால் 'மன அழுத்தம்' பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் அழுத்தம் என்பது வெளியிலிருந்து வருவது: கடன், வேலை, மாமியார் வீடு. நோயாளி அனுபவிப்பது உள்ளே வற்றிப்போவதை. அதனால் நான் 'மனச்சோர்வு' என்றே எழுதுகிறேன். 'உளச்சோர்வு' என்பதும் சரியே. ஸ்ட்ரெஸ்ஸுக்கு 'மன அழுத்தம்' இருக்கட்டும்.

டிப்ரஷனுக்கு முன் மேலை மருத்துவம் வைத்திருந்த சொல் 'மெலங்கோலியா'. கிரேக்கத்தில் அது கரும்பித்தம். பித்தம் கறுத்தால் மனம் இருண்டுவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். நம் சித்த மருத்துவத்திலும் வாதம், பித்தம், கபம் உண்டு. ஆனால் தமிழில் 'பித்துப் பிடித்தது' என்றால் அடங்காத வேகம், வெறி. அங்கே சோர்வுக்குக் காரணமான பித்தம் இங்கே அதன் எதிர்ப்பக்கத்துக்குப் பெயராகிவிட்டது.

'மேஜர் டிப்ரஷன்' என்பதில் உள்ள 'மேஜர்' பலரைப் பயமுறுத்துகிறது. முற்றிய நோய் என்று அதற்குப் பொருள் இல்லை. மனம் வாடியிருப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கம், பசி, கவனம், தெம்பு கெடுவது, குற்ற உணர்ச்சி, சாவைப் பற்றிய எண்ணம் என்று போகும் ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் தொடர்ந்து இருக்கவேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம். இந்த வரையறையை எட்டினால் மேஜர். அதற்குள்ளேயே லேசானது, நடுத்தரம், கடுமையானது என்ற பிரிவு தனி. 'பெருஞ்சோர்வு நோய்' என்று மொழிபெயர்க்கலாம். 'ஒருமுனைச் சோர்வு' என்றால் இன்னும் தெளிவு, ஏனென்றால் எதிலிருந்து பிரித்துச் சொல்கிறோம் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

அந்த 'முனை' எங்கிருந்து வந்தது? 1854இல் பிரான்சில் ஃபால்ரே, பையார்ஜே என்ற இரு மருத்துவர்கள், வெறியும் சோர்வும் ஒரே ஆளிடம் மாறி மாறி வருவதைத் தனி நோயாக விவரித்தார்கள். ஜெர்மனியின் கிரெபெலின் 1899இல் திரும்பத் திரும்ப வரும் சோர்வையும் சேர்த்து எல்லாவற்றையும் 'மேனிக் டிப்ரசிவ்' என்ற ஒரே பெயரில் அடக்கினார். 1957இல் கார்ல் லியோன்ஹார்ட் அதை உடைத்தார்: சோர்வு மட்டும் வருபவர்கள் ஒருமுனை, இரண்டும் வருபவர்கள் இருமுனை. 1966இல் ஆங்ஸ்ட், பெரிஸ் இருவரும் தனித்தனியே செய்த ஆய்வுகள் இந்தப் பிரிவினையை உறுதிசெய்தன. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 'பைபோலார்' என்ற பெயரை ஏற்றது.

'இருதுருவம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். துருவம் என்றால் அசையாதது, துருவ நட்சத்திரம்போல. ஆடிக்கொண்டே இருக்கும் நோய்க்கு அது ஒட்டவில்லை. 'இருமுனை நோய்' போதும். மறுமுனையான மேனியாவுக்கு 'பித்து' என்றால் வசையாகிவிடுகிறது. 'மனவெழுச்சி' என்றால் இலங்கைத் தமிழில் எமோஷன். 'மிகையெழுச்சி' என்பது என் தேர்வு. அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியாவை 'மிதவெழுச்சி' எனலாம்.

இப்போது பிரித்தறிவதற்கு வருவோம். சோர்ந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து மட்டும் எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் இரண்டு நோய்க்கும் சோர்வின் வரையறை ஒன்றே. விடை கடந்தகாலத்தில் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் இருபத்திரண்டு வயது மகனை அழைத்து வருகிறார் என்று வையுங்கள். "எப்பவும் படுத்துகினே கீறான் டாக்டர், சோறு தண்ணி எறங்கல" என்பார். இதற்கு முன் எப்போதாவது தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாக இருந்தானா என்று கேட்டால்தான் அடுத்தது வரும்: "போன தீபாவளிக்கு நல்லாத்தான இருந்தான்! ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல பேசுவான், நாலு மணிக்கே எழுந்துடுவான். வட்டிக்கு வாங்கி மூணு கடை வைக்கறேன்னான். பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டான்."

அந்தத் தாய் எதையும் மறைக்கவில்லை. மகன் நன்றாக இருந்த காலம் என்று அவர் நினைப்பதை நோய் என்று யார் வந்து சொல்வார்கள்? மகனுக்கும் அது வாழ்க்கையின் மிகச் சிறந்த வாரமாகவே நினைவிருக்கும். ஒரு வாரம் நீடித்தாலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனாலோ மிகையெழுச்சி. நான்கு நாள் இருந்து, வாழ்க்கையைக் குலைக்காமல் போனால் மிதவெழுச்சி. காலையில் சிரித்து மாலையில் எரிந்துவிழுபவரை 'பைபோலார்' என்பது தவறு. இது மணிக்கணக்கில் மாறும் மூடு இல்லை.

இதனால்தான் உடன் வருபவரின் வார்த்தைக்கு இத்தனை மதிப்பு. வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1950களிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்குப் பெயர்பெற்றது. நோயாளி சொல்லாததை, சொல்லத் தெரியாததை, அம்மாவோ மனைவியோ சொல்லிவிடுவார்கள்.

வேறு தடயங்களும் உண்டு. முதல் சோர்வு இருபத்தைந்து வயதுக்குள் வருவது, நெருங்கிய உறவில் யாருக்காவது இருமுனை நோய் இருப்பது, பிரசவம் முடிந்த கையோடு சோர்வு தொடங்குவது, தூக்கம் கெடுவதற்குப் பதில் நாளெல்லாம் தூங்கி வழிவது, பலமுறை வந்து வந்து போவது. இவை சந்தேகத்துக்கு இடம் தருபவை, அவ்வளவே. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு அப்போது இருந்தவர்கள் 2.7 சதவீதம், இருமுனை நோய் 0.3 சதவீதம். சோர்வோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஒருமுனைதான்.

ஆனால் அந்தச் சிறு பங்கினருக்குப் பெயர் மாறிப்போனால் விளைவு பெரிது. சோர்வுநீக்கி (ஆன்டிடிப்ரசன்ட்) மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், இருமுனை நோயாளி சிலருக்கு மறுமுனைக்கு ஏறிவிடும். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் தூக்கத் தேவை குறைந்து, பேச்சும் செலவும் கூடினால், "குணமாயிட்டான்" என்று மகிழ்வதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இருமுனைக்கு லித்தியம், குவெட்டியாபின், லாமோட்ரிஜின் போன்றவை தருகிறார்கள். லித்தியம் என்ற பெயர் 'லித்தோஸ்', அதாவது கல், என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் மிகையெழுச்சியில் அதன் பலனை வெளியிட்டார். வேலூர்க்காரர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், புரூஃபன் போன்ற மாத்திரைகளும் அப்படியே ஏற்றும். கை கடுமையாக நடுங்குவது, வாந்திபேதி, நடை தள்ளாடுவது, நாக்கு குழறுவது தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சாவைப் பற்றிப் பேசுபவரை, எந்த முனையானாலும், தனியே விடக்கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, ஓ.பி. சீட்டில் எழுதியிருப்பது. 'எம்.டி.டி.' என்றிருந்தால் ஒருமுனைப் பெருஞ்சோர்வு. 'பி.பி.ஏ.டி.' என்றிருந்தால் இருமுனை நோய். முன்னால் உள்ள 'பி.பி.'யைப் பார்த்து ரத்தக்கொதிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பக்கத்தில் 'கரண்ட் எபிசோட் டிப்ரஷன்' என்றிருந்தால், 'இருமுனை நோய், இப்போது சோர்வுக் கட்டம்' என்று பொருள். வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்லும்போது 'டிப்ரஷன்' என்று சுருக்காமல் அந்த முழுத்தொடரையே சொல்லுங்கள். அடுத்தமுறை வேறு மருத்துவரிடம் அழைத்துப்போக நேர்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.