கார்த்திகை மங்கினால் உருளைக்கிழங்கு விதைப்பு தள்ளிப்போகும்

பஞ்சாங்கம் பார்த்து விதைப்பதும், வானிலை மையத்தின் பருவ முன்னறிவிப்பைக் கேட்டு விதைப்பதும் ஒன்றுதானே, இரண்டுமே சில வருடம் பொய்த்துப்போகிறதே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும் ஒன்றில்லை. ஏன் என்று சொல்ல தென் அமெரிக்கா வரை போக வேண்டியிருக்கிறது, அங்கேதான் இதற்கு அருமையான பதில் இருக்கிறது.

பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைகளில் சிறு விவசாயிகளுக்கு உருளைக்கிழங்குதான் முக்கியச் சாப்பாடு, பெரும்பாலும் மானாவாரி. மழைக்காலம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. உருளைக்கு வேர் ஆழமாகப் போகாது, நட்ட புதிதில் மழை ஏமாற்றினால் விதைக்கிழங்கோடு எல்லாம் போச்சு. அதனால் எப்போது நடுவது என்பதுதான் அவர்களுக்கு வருடத்தின் பெரிய முடிவு. ஜூன் 24 சான் ஹுவான் திருநாளை ஒட்டி, குளிரில், விடிவதற்கு முன்பே மேட்டில் ஏறி நின்று வடகிழக்கு வானத்தில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்கிறார்கள். பெரிதாக, பளிச்சென்று தெரிந்தால் மழை சரியான நேரத்தில் வரும். மங்கலாகத் தெரிந்தால் மழை தாமதம், குறைவும்கூட; நடவைச் சில வாரங்கள் தள்ளிப்போடுகிறார்கள். இந்தப் பழக்கம் ஏறக்குறைய 400 ஆண்டுகளாக இருந்துவருகிறது.

மானுடவியலாளர் பெஞ்சமின் ஆர்லவ், காலநிலை ஆய்வாளர்கள் ஜான் சியாங், மார்க் கேன் மூவரும் இதைச் சோதித்து 2000-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இதில் கேன் யார் தெரியுமா? 1986-இல் ஸ்டீபன் செபியக்குடன் சேர்ந்து, கணினி மாதிரியைக்கொண்டு எல் நினோவை முன்கூட்டியே சொல்லிக்காட்டியவர். அப்படிப்பட்டவர் விவசாயிகள் பார்க்கும் நட்சத்திரத்தை ஒதுக்கிவிடாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அவர்கள் கண்ட காரணம் எல் நினோ. அதைப் பற்றிப் படித்திருப்பீர்கள்: பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகள். காற்றின் நிலை இரண்டு வாரத்துக்குள் தலைகீழாக மாறிவிடும், ஆனால் கடல் வாங்கிய சூட்டை மாதக்கணக்கில் வைத்திருக்கும். பருவ முன்னறிவிப்பு சாத்தியமாவதே பெரும்பாலும் இதனால்தான். அந்தச் சூட்டால் ஜூன் மாதத்தில் ஆண்டிஸுக்கு மேலே, மிக உயரத்தில், மெல்லிய கீற்று மேகங்கள் கூடுகின்றன. அண்ணாந்து பார்த்தால் மேகம் இருப்பதே தெரியாது, அவ்வளவு மெல்லியவை. அதே எல் நினோ நீடிக்கும்போது அக்டோபருக்குப் பிறகு வரவேண்டிய மழையும் அங்கே குறைகிறது. காரணம் ஒன்று, விளைவு இரண்டு; முதல் விளைவு நான்கு மாதம் முன்னாலேயே வானத்தில் தெரிந்துவிடுகிறது.

சரி, கண்ணுக்கே தெரியாத மேகம் எப்படிப் பிடிபடுகிறது? இங்கேதான் கார்த்திகையைத் தேர்ந்தெடுத்த அழகு இருக்கிறது. கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டை மாதிரி அதில் பல அளவு வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: ஒன்று ஓரளவு பிரகாசம், சில மங்கல், மற்றவை வெறும் கண்ணால் பார்க்க முடிகிற எல்லையில். வெளிச்சம் துளி குறைந்தாலும் கடைசி வரிசை மறைந்து கூட்டமே சின்னதாகிவிடும். சிரியஸ் போன்ற பளீர் நட்சத்திரத்தைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அதோடு கார்த்திகை அந்த நேரத்தில் கீழ்வானத்தில் இருக்கிறது. அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்தில் இருந்தால், ஒளி மேகப்படலத்தைச் சாய்வாகக் கடக்கிறது. நேர் மேலே இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு மேகம் குறுக்கே வருகிறது.

நம் பஞ்சாங்கம் "இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை" என்று சொல்வதில் இது எதுவும் கிடையாது. கிரகக் கணக்கை வைத்து எழுதுகிறார்கள். இந்த வருடக் கடலோ காற்றோ அந்தக் கணக்குக்குள் எங்கேயும் நுழைவதில்லை. நட்சத்திரத்தின் பெயர் இரண்டிலும் வருவதால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. ஆண்டிஸ் விவசாயிகள் பார்ப்பது உண்மையில் நட்சத்திரத்தை மறைக்கும் மேகத்தை.

அதே எல் நினோ நமக்கு வேறு மாதிரி. பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையைக் கெடுக்கும், வடகிழக்குக்குக் கைகொடுக்கும். 2015-இல் வலுவான எல் நினோ, சென்னை வெள்ளம். 2016-இல் லா நினா, அதாவது எல் நினோவுக்கு நேர்மாறாக அந்தக் கடல் குளிர்ந்த ஆண்டு; தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் 2021-உம் லா நினா வருடம்தான், மழையோ கொட்டித் தீர்த்தது. அதனால்தான் முன்னறிவிப்பு பெரும்பாலும் இயல்புக்குக் கீழ், இயல்பு, இயல்புக்கு மேல் என்று மூன்று வாய்ப்புகளாக வருகிறது. எதுவும் தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். இயல்புக்குக் கீழ் என்பதற்கான வாய்ப்பு 50 சதவீதமாக உயர்ந்தால் இரண்டு ஏக்கர்காரருக்கு அது பெரிய தகவல், ஒரே வருடத்தில் இல்லாவிட்டாலும் பத்து வருடத்தில். முழு நிலத்திலும் மக்காச்சோளம் போடாமல் பாதிக்கு உளுந்தோ பாசியோ போடலாம், குறைந்த வயது ரகத்துக்குப் போகலாம், உரக்கடன் வாங்குவதைத் தள்ளிவைக்கலாம்.

இதற்கெல்லாம் முக்கியமான அடிப்படைகளில் ஒன்று, பசிபிக்கில் கடலின் சூட்டை அளக்கும் மிதவைகளின் அளவீடுகள். 2012-இல் அமெரிக்கா செலவைக் குறைக்க அவற்றைப் பராமரித்துவந்த கப்பலை நிறுத்தியது. 2014-க்குள் வரும் தரவு பாதிக்கும் கீழே போய்விட்டது. கடலை அளப்பதில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இன்னொரு குறை நம் பக்கம். கோவில்பட்டி கரிசலில் மழைக்கு முன்னாலேயே, செப்டம்பரில், காய்ந்த மண்ணில் சோளம் விதைப்பார்கள். 5 செ.மீ. ஆழத்தில் விழும் விதை சின்னத் தூறலுக்கு முளைக்காது, மண் நன்றாக நனைந்தால்தான் முளைக்கும். வடகிழக்குப் பருவமழைக்கான அரசு முன்னறிவிப்போ வழக்கமாக செப்டம்பர் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பல பேருடைய விதை மண்ணுக்குள் போயிருக்கும். எல் நினோவின் போக்கு ஜூலை, ஆகஸ்டிலேயே ஓரளவு தெளிவாகிவிடுகிறது. அப்போதே முதல் கணிப்பை வெளியிட்டு, அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.