வெளிக்குழாயைத் திறந்தே விடுங்கள்

கொண்டோ எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பராமரிப்பது என் வேலை. கடும் குளிரில் எனக்கு வரும் அவசர அழைப்புகளில் பாதிக்குமேல் தண்ணீர்க் கசிவுதான். அவற்றில் பலவற்றை இலை உதிரும் நாட்களிலேயே தடுத்திருக்கலாம்.

ஒரு வசந்தகாலம். தரைத்தள வீட்டுக்காரர் ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட, வெளிக்குழாய்க்குத் தண்ணீர் அனுப்பும் உள்வால்வைத் திறந்தார். வெளிக்குழாயில் நூல்போல வந்தது. மீதி, சுவருக்குள் இறங்கி அடித்தள அறையை நனைத்தது. சுவரைப் பிரித்தோம். செப்புக்குழாயில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. உள்வால்வை அவர் இலையுதிர்காலத்திலேயே மூடியிருந்தார். ஆனால் ஹோஸைக் கழற்றாததால் குழாய்க்குள் நின்ற தண்ணீருக்கு வடிய வழியில்லை. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். செம்பு அதைத் தாங்காது.

ஹோஸைக் கழற்றுங்கள், உள்வால்வை மூடுங்கள், அப்புறம் வெளிக்குழாயைத் திறந்தே விடுங்கள். கடைசி வேலையைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள்.

அடுத்தது ஆளில்லாத வீடுகள். ஊருக்குப் போகும்போது மிச்சம் பிடிக்கலாம் என்று ஹீட்டரை அணைத்துவிடாதீர்கள். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க் என்றால் அதன் கீழ் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், அறையின் சூடு குழாய்க்குப் போகட்டும். நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுத்து, அடிக்கடி வந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் குழாய் வெடித்தால் முதலில் நனைவது கீழ்வீட்டுக்காரரின் கூரை.

நிர்வாகக் குழுவினருக்கு: பனி அகற்றும் ஒப்பந்தத்தைக் கோடையிலேயே முடித்துவிடுங்கள். எத்தனை சென்டிமீட்டர் விழுந்தால் வண்டி வரும், உப்பு தூவுவது யார், பனியை எங்கே குவிப்பார்கள் என்று வரிவரியாகப் படியுங்கள். தீயணைப்புக் குழாயின் முன்னாலோ மழைநீர் வடிகாலின் மேலோ குவிக்கவே கூடாது. மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. உடனே இன்னும் ரெண்டு மூட்டை கொட்டுவார்கள். பனி உருகாது. அந்த உப்பு டயரோடு நிலத்தடி பார்க்கிங்குக்குள் போய், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரிக்கும். அந்தக் குளிருக்குக் கால்சியம் குளோரைடு பரவாயில்லை. வழுக்காமல் இருக்க மணலும் உதவும்.

கூரைவிளிம்பு மழைநீர் வாய்க்காலை, இலை முழுதும் உதிர்ந்த பிறகு சுத்தம் செய்யுங்கள். பாதியில் செய்தால் திரும்பச் செய்ய வேண்டும். பாய்லர் சர்வீஸ் குளிருக்கு முன்பே முடியட்டும்.

பெரும்பனி விழுந்த காலையில், சுவரோரம் இருக்கும் புகைபோக்கி வாய்களை மூடிய பனியை அகற்றி விடுங்கள். அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு வாசனை கிடையாது. அலாரத்தின் பேட்டரியை இன்றே பாருங்கள்.

லிஃப்டில் அறிவிப்பு ஒட்டிவிட்டு நான் சும்மா இருப்பதில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் சம்மதத்தோடு வால்வை நானே மூடுகிறேன். வால்வில் ஒரு அட்டை கட்டி, ‘மூடியாச்சு’ என்று தேதியோடு எழுதி வைக்கிறேன்.