டூனிக்கா மேலங்கி இல்லீங்க

ரோமானியர் கதை எது தமிழ்ல வந்தாலும் சப்டைட்டில்லயும் சரி புத்தகத்துலயும் சரி சட்டை மாதிரி உள்ள போடுற டூனிக்காவுக்கு ‘மேலங்கி’ன்னே போடுறாங்க. அதுக்கு மேல சுத்திக்கிற டோகாவுக்கும் அதே மேலங்கி தான். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் குளிர்காலத்துல நாலு டூனிக்கா போட்டு அதுக்கு மேல தடிச்ச டோகாவும் சுத்திக்குவாராம், அவரோட வரலாற்றை எழுதின சூட்டோனியஸ் எழுதி வச்சிருக்கார். இத எப்படி மொழிபெயர்ப்பீங்க, நாலு மேலங்கிக்கு மேல ஒரு மேலங்கியா?

டூனிக்காங்கிற சொல்லே லத்தீனுக்கு இரவல் தான். எபிரேயம், அரபி இருக்குற செமிட்டிக் மொழிக் குடும்பத்து வேர், எபிரேயத்துல குத்தோனெத், கிரேக்கத்துல கித்தோன், லத்தீனுக்குள்ள நுழையும்போது எழுத்து இடம் மாறி டூனிக்கா. பைபிள்ல யோசேப்போட பலவருண அங்கி வருதே, அதுவும் மூலத்துல குத்தோனெத் தான்.

சரி, வெறும் ‘அங்கி’ன்னு போட்டா என்னன்னு கேப்பீங்க. அது வடசொல்ங்கிறத கூட விட்டுடுறேன், ஆனா அங்கின்னதும் நமக்கு பாதிரியார், வக்கீல், பட்டமளிப்பு விழான்னு கணுக்கால் வரைக்கும் தொங்குறது தான ஞாபகம் வருது? டூனிக்கா முழங்காலோட நிக்கும். அதுக்கு கீழ போனா பொம்பளைங்க உடுப்பு, மேல ஏறினா செஞ்சூரியன், அதாவது படைத்தலைவன் உடுப்புன்னு பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியன் பேச்சாளர்களுக்கு அளவே சொல்லிக் குடுக்குறார். அடிமைக்கும் கூலியாளுக்கும் அது ஒண்ணு தான் உடுப்பு, செனட்டர்னா அதுலயே அகலமா ஊதாக் கோடு.

நம்மகிட்ட சொல் இல்லாம இல்ல. முல்லைப்பாட்டுல பாசறைக் காவலுக்கு நிக்கிற யவனர் ‘மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து’ன்னு வர்றாங்க. மெய்ப்பைன்னா சட்டை. டோகா சுத்திக்கிறது, டூனிக்கா தலை வழியா உள்ள நுழைஞ்சு போடுறது, ‘புக்க’ங்கிற ஒரே சொல்லுல அந்த வித்தியாசம் வந்துடுது பாருங்க. மத்தியதரைக்கடல் பக்கத்து ஆளு போட்ட உடுப்பையே பாத்து சொன்ன சொல்லு. ‘பை’ன்னா மளிகைப் பை மாதிரி இருக்குன்னு சிலர் மூக்கைச் சுளிக்கிறாங்க, கைப்பைன்னு சொல்லும்போது சுளிக்காத மூக்கு.

டோகாவுக்கு போர்வைன்னோ சுற்றாடைன்னோ எதையாவது வச்சுக்கோங்க, அதுல எனக்குச் சண்டை இல்ல. இந்த மொழிபெயர்ப்பாளருங்க அகராதில முதல்ல கண்ணுல பட்டத எடுத்து ஒட்டுறத நிறுத்தினா போதும். ரத்தக் குழாயோட உள் அடுக்குக்கு டூனிக்கா இன்டிமான்னு தான் டாக்டருங்க பேரு வச்சிருக்காங்க, அது இவங்க கைல சிக்கினா ‘உள் மேலங்கி’ ஆயிடும்.