தோப்பு வரைக்கும் வராத ஆராய்ச்சி

சில வருடங்களுக்கு முன், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் நான் எழுதிய துண்டறிக்கையைக் கொடுத்தேன். சுருள் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரே பக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். அப்புறம் கேட்டார்: "ஏனுங்க, ஒட்டுண்ணி விடுங்கன்னு போட்டிருக்கீங்க. மாட்டு மேல இருந்து நாங்க புடுங்கிப் போடறமே, அந்த உண்ணியவா மரத்துல விடச் சொல்றீங்க?"

பூச்சியியல் பாடத்தில் ஒட்டுண்ணி என்றுதான் இருக்கிறது. ஆனால் மாடு கட்டியிருக்கும் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் வேறு உயிர்தான் நினைவுக்கு வரும். எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

இந்த ஈ நமக்குப் புதுசு. இந்தியாவில் முதன்முதலில் 2016இல் பொள்ளாச்சித் தோப்புகளில்தான் பதிவானது. ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவைச் சொட்டும். அது கீழ்மட்டைகளில் படிந்து, மேலே கரும்பூசணம் வளர்ந்துவிடும். கரி பூசின மாதிரி நிற்கும் மரத்தைப் பார்த்தால் யாருக்கும் மருந்து அடிக்கத்தான் கை போகும். ஆராய்ச்சி சொல்வதோ, அடிக்காதீர்கள் என்று. ஏன் என்பதை என் துண்டறிக்கை சொல்லவில்லை.

திருத்தி எழுதினேன்: "என்கார்சியா என்று ஒரு குளவி. கொசுவைவிடச் சின்னது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும்." அடுத்த தோட்டத்தில் ஓர் அம்மா, "குளவின்னா கொட்டுமே, காய் போட ஆளு ஏறுவாங்களா?" என்றார். "நம்மைக் கொட்டாது" என்ற ஒரு வரியும் சேர்ந்தது. ஓலையைத் திருப்பி, லென்ஸ் வைத்து, ஈயின் கூட்டில் வட்டமான ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்கவும் எழுதினேன். துளை இருந்தால் குளவி ஏற்கெனவே வேலை செய்கிறது; மருந்தடித்தால் அதுவும் செத்துவிடும்.

எளிமை என்றால் சுருக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் ஒரு வரி நான்கு வரியானபோதுதான் புரிந்தது. 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று எழுதுகிறோம். ஆராய்ச்சியாளருக்கு அது, இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்கிற கணக்கு. படிப்பவரோ பெரிய வித்தியாசம் என்று எடுத்துக்கொள்வார். மரத்துக்கு இரண்டு காய் கூடியிருந்தாலும் அந்தச் சொல் பொருந்தும். அதனால் எத்தனை காய் கூடியது, எத்தனை மரத்தில், எத்தனை மாதம் பார்த்தார்கள் என்று எண்ணிக்கையையே எழுதிவிடுகிறேன்.

மருத்துவத்தில் இப்படிப் புரியும்படி எழுதுவது கடமையாகவே ஆகிவிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஒவ்வொரு ஆய்வுத் தொகுப்புடனும் எளிய மொழிச் சுருக்கம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துச் சோதனை நடத்துபவர், பொதுமக்களுக்குப் புரியும்படி முடிவைச் சொல்ல வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டவிதி சொல்கிறது. நம் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912 முதல் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொள்ளாச்சி அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஈ வந்தால் விவசாயி முதலில் போவது பூச்சிமருந்துக் கடைக்கு. அங்கே பேசும் தமிழ் தெளிவானது: "டேங்குக்கு இவ்வளவு கலந்து அடிங்க." அந்தத் தெளிவோடு நாமும் பேசாவிட்டால் நம் ஆராய்ச்சி யாருக்காக?

இப்போதெல்லாம் எதை எழுதினாலும் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தோப்புக்காரரிடம் படித்துக் காட்டி, "நீங்க சொல்லுங்க, என்ன புரிஞ்சுது?" என்று கேட்கிறேன். திருத்திய தாளோடு அந்தப் பெரியவரிடமும் போனேன். படித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப மருந்தடிச்சா, நம்ம காவக்காரனையே கொன்ன மாதிரிங்களா?"

அடுத்த அச்சில் அதுதான் முதல் வரி.