உங்கள் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் பணம் கட்ட வேண்டும்

காலை ஆறரை மணிக்கு கரூரிலிருந்து ஒரு போன். திரைச்சீலையும் கிச்சன் டவலும் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு சிறு ஏற்றுமதியாளர். அவருடைய நாற்பதடிப் பெட்டி (கன்டெய்னர்) ஏறியிருந்த கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்துவிட்டது. தீயை அணைத்து, கப்பலை இழுத்து ஒரு துறைமுகத்தில் சேர்த்திருந்தார்கள். முந்தைய நாள் இரவு அவருக்குப் பணம் கட்டச் சொல்லி ஒரு மெயில் வந்திருந்தது.

"அண்ணா, எங்க பெட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்கண்ணா. அவங்களே மெயில்ல போட்டிருக்காங்க. அப்பறம் எதுக்குங்க நாங்க பணம் கட்டோணும்?"

தூத்துக்குடியில் மரைன் சர்வேயராக, அதாவது கப்பல் சரக்குச் சேதத்தை ஆராயும் வேலையில், 22 வருடம் ஆகிறது. இந்தக் கேள்வியை வேறு வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். திருப்பூர், கரூர், சிவகாசி, கோவில்பட்டி என்று ஊர்தான் மாறும். கேட்பவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. நூல் விலை, டாலர் விலை, பேங்க் வட்டி எல்லாம் விரல் நுனியில் இருக்கும். கடலுக்கென்று தனியாக ஒரு சட்டம் இருப்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அந்த மெயிலின் தலைப்பில் இருந்த வார்த்தை 'ஜெனரல் ஆவரேஜ்'. பள்ளியில் படித்த சராசரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கப்பலுக்கும் சரக்குக்கும் சேர்ந்தாற்போல் ஓர் ஆபத்து வரும்போது, எல்லாவற்றையும் காப்பாற்றுவதற்காகத் தெரிந்தே எதையாவது இழந்தாலோ செலவு செய்தாலோ, அந்த இழப்பைக் கப்பல் முதலாளியும் சரக்குக்காரர்கள் எல்லாரும் அவரவர் மதிப்புக்கு ஏற்றபடி பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். ரொம்பப் பழைய ஏற்பாடு இது. ரோட்ஸ் தீவுக்காரர்களின் கடல் சட்டம் என்று 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுத்த ரோமானியச் சட்டத்திலேயே இருக்கிறது: பாரம் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிந்தால், எல்லாருக்காகவும் இழந்ததை எல்லாரும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். இன்றைக்கு அதை யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகள் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். கடைசியாகத் திருத்தியது 2016-இல். சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கு நீங்கள் ரசீதாக வாங்கிப் பத்திரமாக வைக்கும் பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், இந்த விதிக்குக் கட்டுப்படுவதாக ஒரு வரி இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

சரக்கைக் கடலில் எறிந்த காலம் போய்விட்டது, இப்போது எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். தீயில்தான் வருகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தீயில் கருகிவிட்டது. இன்னொன்றில் தீ படவில்லை, ஆனால் அணைக்க அடித்த தண்ணீரில் உள்ளே இருந்த துணி முழுக்க ஊறிப்போனது. கருகிய பெட்டியின் நஷ்டம் அந்தச் சரக்குக்காரருக்கு மட்டும். தண்ணீரில் ஊறிய பெட்டியின் நஷ்டம் எல்லாருக்கும் பொது. ஏனென்றால் தீ தானாக வந்தது; தண்ணீரை, எல்லாரையும் காப்பாற்ற, கேப்டன் அடிக்கச் சொன்னார். அந்த நேரத்தில் எந்தப் பெட்டி யாருடையது, எவ்வளவு மதிப்பு என்று யோசித்துக்கொண்டிருந்தால் கப்பலே போய்விடும். யோசிக்காமல் உத்தரவு போடும் தைரியத்தை அவருக்குக் கொடுப்பது இந்தப் பழைய சட்டம்தான் என்று நான் நினைக்கிறேன். எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

கணக்கும் கஷ்டமில்லை. கப்பலின் மதிப்பு 60 கோடி, எல்லாச் சரக்கும் சேர்ந்து 40 கோடி என்று வைத்துக்கொள்வோம். இழுவைப் படகு, துறைமுகச் செலவு, ஊறிப்போன சரக்கு எல்லாமாக 10 கோடி ஆகிறது. 100 கோடிக்கு 10 கோடி, அதாவது பத்து சதவீதம். உங்கள் சரக்கு 40 லட்சம் என்றால் பங்கு 4 லட்சம். ஆனால் சரியான தொகை தெரிய வருடக்கணக்காகும். அதனால் முதலில் உத்தேசமாக ஒரு டெபாசிட் கேட்பார்கள். அதைக் கட்டும்வரை, அல்லது இன்சூரன்ஸ் கம்பெனி எழுத்தில் உத்தரவாதம் தரும்வரை, பெட்டியை விடமாட்டார்கள்.

அந்த டெபாசிட் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கு 2018 மார்ச் 6-ஆம் தேதி அரபிக்கடலில் தீப்பிடித்த மெர்ஸ்க் ஹோனம் ஓர் உதாரணம். சிங்கப்பூரிலிருந்து சூயஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பல். இருந்த 27 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த சரக்குக்கு மீட்பவர்களின் ஸால்வேஜ் (மீட்புக் கூலி) உத்தரவாதமாக மதிப்பில் 42.5 சதவீதமும், ஜெனரல் ஆவரேஜுக்கு 11.5 சதவீதமும் கேட்டார்கள். கூட்டிப் பார்த்தால் 54 சதவீதம். 40 லட்ச ரூபாய் சரக்கை எடுக்க 21 லட்சத்து 60 ஆயிரம். சரக்குக்கு ஒரு கீறலும் விழாதவரும் இதைத் தர வேண்டியதுதான்.

எவர் கிவன் எல்லாருக்கும் நினைவிருக்கும். 400 மீட்டர் நீளக் கப்பல், 18,000-க்கும் மேல் பெட்டிகள். 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் உலக வியாபாரத்தையே நிறுத்தியது. வாட்ஸ்அப்பில் எல்லாரும் படம் அனுப்பினார்கள். 29-ஆம் தேதி கப்பல் மிதந்ததும் எல்லாம் முடிந்ததென்று நினைத்தார்கள். எங்கள் தொழிலில் அதற்கப்புறம்தான் கதை ஆரம்பித்தது. ஜப்பானிய முதலாளிகள் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள். சூயஸ் கால்வாய் நிர்வாகம் முதலில் 91 கோடி 60 லட்சம் டாலர் கேட்டு, கப்பலைக் கால்வாய் வழியிலுள்ள பிட்டர் லேக் ஏரியில் நிறுத்தி வைத்தது. ஜூலை 7 வரை அது நகரவில்லை. அதை ஓட்டிவந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். பெரும்பாலோர் மூன்று மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். அந்த மூன்று மாதமும் பெட்டிகளுக்குள் சரக்கும் அப்படியே கிடந்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு மரைன் பாலிசி பணம் தராது. சீசன் தவறிய கோடை உடைக்கும், காலாவதியான உணவுக்கும் கிளெய்ம் கிடையாது. மரைன் பாலிசியில் ஏ, பி, சி என்று மூன்று கிளாஸ் (clause, அதாவது நிபந்தனைத் தொகுப்பு) உண்டு; அதிகம் கவராகும் ஏ-யிலும் அந்த விலக்கு இருக்கிறது. பாலிசி இருந்தால் எல்லாமே திரும்ப வரும் என்று விற்பவர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஜெனரல் ஆவரேஜ் பங்கும் ஸால்வேஜ் பங்கும் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் ஏ, பி, சி மூன்றிலுமே கவராகும். கம்பெனி ஒரு கேரண்டி தரும், நீங்கள் பங்கைத் தருவதாக எழுதிக் கொடுக்கும் ஆவரேஜ் பாண்டில் கையெழுத்து போட்டு, இன்வாய்ஸும் பில் ஆஃப் லேடிங் நகலும் கொடுத்தால் பெட்டி வெளியே வந்துவிடும். கைக்காசு போகாது. பொதுவான சரக்குகளுக்குப் பிரீமியம் மதிப்பில் 1 சதவீதம்கூட வராது. மதிப்பைக் குறைத்துப் போட்டு அந்தக் கொஞ்சத்திலும் மிச்சம் பிடிக்க வேண்டாம். இன்ஷூர் செய்த தொகை சரக்கின் மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் கம்பெனியும் அதே விகிதத்தில்தான் தரும். சி.ஐ.எஃப். மதிப்போடு (சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் வாடகை மூன்றும் சேர்ந்தது) 10 சதவீதம் கூட்டிப் போடுவது வழக்கம். அந்த வழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

மூன்று கிளாஸில் எதை எடுப்பது? இதில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் பையில் எப்போதும் ஒரு பழுப்புநிறச் சின்னப் புட்டி இருக்கும். சில்வர் நைட்ரேட் கரைசல். நனைந்த சாக்கின்மேல் இரண்டு சொட்டு விட்டால், நனைத்தது கடல் தண்ணீர் என்றால் அந்த இடம் பால்போல வெளுக்கும். ஒருமுறை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முந்திரிக்கொட்டைப் பெட்டி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்ததும் புளித்த வாடை. மேல்வரிசைச் சாக்குகள் கறுத்து, பூஞ்சை பிடித்திருந்தன. கொஞ்சம் இறக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய் நின்றுகொண்டு வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொன்னேன். கூரையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் இருட்டில் நட்சத்திரம்போல வெளிச்சம் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. சாக்கில் சொட்டு விட்டேன். வெளுக்கவில்லை. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை; கொட்டையிலிருந்த ஈரமே வெயிலில் ஆவியாகி, இரவில் கூரையில் குளிர்ந்து, சாக்கின்மேல் சொட்டியிருக்கிறது. நாங்கள் இதைக் கன்டெய்னர் வியர்வை என்போம். சரக்கை வாங்கியவர் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெளுக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன் சார்" என்றார். வெளுத்திருந்தாலும் பயனில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எடுத்திருந்தது சி கிளாஸ். கப்பல் மூழ்குவது, தரைதட்டுவது, தீ, மோதல் மாதிரிப் பெரிய விபத்துகளுக்குத்தான் அது. பெட்டிக்குள் கடல் தண்ணீர் புகுந்தால் பி கிளாஸ் தரும், சி தராது. மழைத் தண்ணீருக்கு ஏ வேண்டும். வியர்வைக்கு ஏ-யிலும் வாதம் வரும், ஆனால் வாதாடவாவது இடமிருக்கும். ஈரத்தை உறிஞ்சும் பைகளை உள்ளே தொங்கவிட்டிருந்தால் பாதிச் சாக்காவது பிழைத்திருக்கும்.

அப்புறம் இன்னொரு பேச்சு: "நஷ்டம் வந்தா கப்பல் கம்பெனி கொடுத்துடும்ல?" பெரும்பாலும் கொடுக்காது. கப்பல் கம்பெனியின் பொறுப்பைச் சொல்லும் சர்வதேச விதிகளான ஹேக்-விஸ்பி விதிகளின்படி, கப்பலை ஓட்டுவதில் கேப்டனோ மாலுமிகளோ செய்த தவறுக்குக் கப்பல் கம்பெனி பொறுப்பில்லை. தீவிபத்து என்றால், கம்பெனியே நேரடியாகத் தவறு செய்ததாக நிரூபித்தாலொழியப் பொறுப்பில்லை. பொறுப்பு வந்தாலும் ஒரு பேக்கேஜுக்கு இவ்வளவு, ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு உண்டு. வழக்குப் போட ஒரு வருடம்தான் அவகாசம்.

"கொழும்பு வரைக்கும் ஃபீடர்தானே, ஒரு ராத்திரி" என்பதையும் நிறையக் கேட்டுவிட்டேன். பெரிய துறைமுகத்துக்குச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் சிறு கப்பல்தான் ஃபீடர். எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் 2021 மே மாதம் எரிந்தது கொழும்புக் கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில். நைட்ரிக் அமிலம் கசிந்த ஒரு பெட்டியை இறக்கித் தரச் சொல்லி அதற்கு முன் கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசிராவிலும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் முடியாது என்றுவிட்டார்கள். யாரோ ஒருவரின் பெட்டி மற்ற 1,400-க்கும் மேற்பட்ட பெட்டிகளின் தலையெழுத்தை எழுதியது. எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2025 மே 25 அன்று 640 பெட்டிகளோடு மூழ்கியது. மாலுமிகள் 24 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள். கப்பலே மூழ்கினால் பங்குபோட மிச்சம் இருக்காது. யாருடைய நஷ்டம் அவரவருக்கு. அந்தக் கப்பலிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரைக்கும் ஒதுங்கின. கரைமடி வலை இழுக்கும் மீனவரிடம் எந்த கிளாஸ் பாலிசியும் கிடையாது. அவர்களுக்கான நஷ்டஈடு தனிப் பெரிய விஷயம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கரூர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய வியாபாரம் சி அண்ட் எஃப். கப்பல் வாடகை அவருடையது, இன்சூரன்ஸ் வாங்குபவருடையது. சரக்கு கப்பலில் ஏறியதும் ரிஸ்க் வாங்குபவருக்குப் போய்விடும். சட்டப்படி டெபாசிட் கட்ட வேண்டியது அந்த வாங்குபவர்தான். ஆனால் அவர் இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. பணமும் 90 நாள் கடனில் நின்றது. "நீங்களே பெட்டியை எடுத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் சரக்கு எனக்கு வேண்டாம்" என்று எழுதிவிட்டார். ஐரோப்பாவில் வழக்குப் போடக் கரூரிலிருந்து யார் போவது? எஃப்.ஓ.பி. (சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு விற்பவர் பொறுப்பு முடிவது), சி அண்ட் எஃப் வியாபாரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தை இரண்டுமுறை படியுங்கள். ரிஸ்க் காகிதத்தில்தான் கைமாறுகிறது. பணம் வந்துசேரும்வரை அது உங்கள் தலைமேல்தான் இருக்கிறது. இந்த நிலைமைக்கென்றே செல்லர்ஸ் இன்டரெஸ்ட் என்று ஒரு கவர் இருக்கிறது. ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கரூர்க்காரர் தறி போட வைத்திருந்த இடத்தை அடமானம் வைத்து டெபாசிட் கட்டினார். பணம் திரட்ட ஐந்து வாரம் ஆனது, அந்த ஐந்து வாரத்துக்கும் துறைமுகத்தில் வாடகை ஓடியது. பெட்டியைத் திறந்தபோது டவல்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. கணக்கு முடித்து மிச்சத் தொகையைத் திருப்பி அனுப்ப, பங்குகளைக் கணக்கிடும் அட்ஜஸ்டருக்கு மூன்றே முக்கால் வருடம் பிடித்தது. கட்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அன்றைக்கும் காலையிலேயே கூப்பிட்டார்.

"வந்துருச்சுங்கண்ணா. பேங்க்காரங்க வட்டிக்கு எடுத்தது போக, கைக்கு ஒண்ணும் நிக்கலீங்க."