கொசுவை விட்டு டெங்குவைத் தடுப்பது எப்படி?

"டெங்குவை ஒழிக்கிறோம் என்று பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை ஊருக்குள் விடுகிறார்களாமே, இது எந்த ஊர் நியாயம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான்.

அந்த பாக்டீரியாவின் பெயர் வோல்பாக்கியா. ஏராளமான பூச்சியினங்களில் இயல்பாகவே உண்டு, டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தியில் கிடையாது. பழ ஈயிலிருந்து எடுத்து ஏடிஸ் முட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்தினார்கள். அது குடியேறிய கொசுவுக்குள் டெங்கு வைரஸால் சரியாகப் பெருக முடிவதில்லை. சரி, ஆய்வகக் கொசுக்களை விட்டால் ஊர்க்கொசு முழுக்க எப்படி மாறும்?

இங்கேதான் வோல்பாக்கியாவின் சாமர்த்தியம். அது தாயின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆணுக்குள் புகுந்தால் அதோடு சரி. ஆனாலும் ஆணைச் சும்மா விடுவதில்லை, அதன் விந்தணுவைக் கெடுத்து அனுப்புகிறது. அந்த விந்து சேர்ந்த முட்டையில், முதல் செல் பிரிவின்போதே தந்தையின் குரோமோசோம்கள் பின்தங்கிப்போய்க் கரு செத்துவிடும். இதற்கு முறிவு எங்கே இருக்கிறது தெரியுமா? வோல்பாக்கியா உள்ள தாயின் முட்டையில்! ஆக, வோல்பாக்கியா உள்ள பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும். இல்லாத பெண், இருக்கிற ஆணோடு சேர்ந்தால் முட்டையெல்லாம் வீண். ஓர் அளவைத் தாண்டிவிட்டால் அப்புறம் யாரும் தள்ளிவிட வேண்டாம், தானே பரவும்.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 24 பகுதிகளில் 12-ல் மட்டும் விட்டுப் பார்த்தார்கள். அங்கே டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவு வெளியானது. மீதிப் பகுதிகளுக்கும் பிறகு கொடுத்தார்கள். கொடுக்காமல் போயிருந்தால் அந்த மக்களை வெறும் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தியதாக ஆகியிருக்கும்.

ஏழை, பணக்காரர் பார்க்காமல் காக்கும் கருவி இது. சங்கடமும் அதிலேயே இருக்கிறது. தடுப்பூசி வேண்டாமென்றால் கையை நீட்டாமல் இருக்கலாம். கொசுவை எப்படி மறுப்பது? பக்கத்து வீட்டார் சம்மதித்தால் என் வீட்டுக்கும் வந்துவிடும். பெண் கொசுக்களையும் விட்டாக வேண்டும் என்பதால், விடும் காலத்தில் கடியும் கூடலாம். பரவியபின் திரும்பப் பெறுவதும் லேசல்ல. சிங்கப்பூரில் ஆண்களை மட்டும் விடுகிறார்கள். அவை கடிக்காது. முட்டைகள் பொரிக்காமல் கொசுக்கள் குறையும். ஆனால் நிறுத்தினால் பழைய கதைதான், ஓயாமல் வளர்த்து விட்டுக்கொண்டே இருக்கக் காசுள்ள நாட்டுக்குத்தான் கட்டும்.

மனிதருக்கு இந்த பாக்டீரியா தொற்றிவிடும் என்பது வெறும் வதந்தி. என் கவலை வேறு. கடும் வெயிலில் சில வோல்பாக்கியா வகைகள் குன்றிப்போகும், வைரஸும் காலப்போக்கில் மாறலாம். பல ஆண்டுகளுக்குப் பொறி வைத்துக் கொசு பிடித்துச் சோதிக்கப் பணம் ஒதுக்காத திட்டத்துக்கு என் ஓட்டு கிடையாது.